மூன்று கணினிகளும் ஒரு கழிமுகமும்

பிண்டர் கழிமுகம்,
டாஸ்மேனியா.
ஞாயிறு காலை

என் மரியாதைக்கும் அன்புக்கும் உரிய டெல்மா அக்காவுக்கு,

பிண்டர் கழிமுகச் சிப்பி வளர்ப்போர் சங்கத்தின் செயலாளரும், உனக்கு ஆறு வருடம் பின்னால் பிறந்த ஒரே தம்பியுமான ஹார்வி எழுதுவது. இங்கே நானும் ஐரிசும் சௌக்கியம். சிப்பிகளும் சௌக்கியம். வடக்குக் காற்று மட்டும் மூன்று நாளாக அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி அடிக்கிறது. பல்லாரட்டில் நீயும் நெவில் அத்தானும் நலமாயிருக்க வேண்டும். அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஐரிஸ் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் உன் மகளைப் பற்றியது.

ரோவீனா ஹோபார்ட்டில் கடலைப் படித்துப் பெரிய ஆளாகிவிட்டதில் தாய்மாமன் என்ற முறையில் எனக்குப் பெருமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கா, ஒரு பெண் தன் மாமாவிடம் "ரொம்ப சுலபம்" என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டுமா வேண்டாமா? நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கழிமுகத்தின் வாயில் உல்லாசப் படகுகள் நிற்பதற்கென்று நகரசபை ஒரு பெரிய கல் சுவர் கட்டப் போகிறது. சுவர் வந்தால் அலை குறையும், அலை குறைந்தால் சேறு நகராது, சேறு நகராவிட்டால் அது எங்கள் சிப்பித் தட்டுகள் மேல்தான் வந்து உட்காரும், சிப்பி மூச்சு முட்டிச் சாகும் என்று எங்கள் சங்கத்தின் ஏழு பேருக்கும் பயம். நகரசபையோ, "பயம் ஆதாரம் ஆகாது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அறிவியல் ஆதாரத்தோடு கொடுங்கள்" என்று எழுதிவிட்டது. நான் என்ன செய்வேன்? திங்கட்கிழமை காலை உன் மகளைக் கூப்பிட்டேன்.

"அட மாமா, இதுக்கா இவ்வளவு பதட்டம்? ரொம்ப சுலபம்" என்றாள். "நான் வேலைக்குப் பயன்படுத்துற மென்பொருளையே அனுப்பறேன், யார் வேணா சும்மா எடுத்துக்கலாம். நம்ம கழிமுகத்தோட அடித்தரை எங்க மேடு எங்க பள்ளம்னு ஒரு வரைபடக் கோப்பும் அனுப்பறேன், சுவரும் அதுலயே வரைஞ்சிருக்கேன். ஓட்டி விட்டா தண்ணி எப்படிப் போகுது, சேறு எங்க படியுதுன்னு கம்ப்யூட்டரே படமாக் காட்டிடும். நிறுவறதுக்கு இருபது நிமிஷம் ஆகும். நாளைக்கு மத்தியானம் எனக்குக் கப்பல், தென்துருவப் பக்கம் போறோம். அதுக்குள்ள எதுன்னாலும் கூப்பிடுங்க."

அந்த இருபது நிமிடம் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆரம்பித்து, வியாழக்கிழமை சாயங்காலம்தான் முடிந்தது.

எங்கள் வீட்டுக் கணினி விண்டோஸ். ரோவீனா அனுப்பிய குறிப்பில் பதினொரு படிகள் இருந்தன. முதல் மூன்று படிகளை நான் கம்பீரமாகவே ஏறினேன். நாலாவதில் ஒரு கறுப்புச் சதுரம் திறந்து, "'ஹார்வி' என்பது உள்ளேயும் வெளியேயும் எந்தக் கட்டளையாகவும் தெரியவில்லை" என்று எழுதிக் காட்டியது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதையேதான் சொல்லியது. என் தோள் வழியாக எட்டிப் பார்த்த ஐரிஸ், "உள்ளயும் உதவாது வெளியயும் உதவாதுன்னு அது ஒரே காலையில கண்டுபிடிச்சிருச்சு. எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றாள். ரோவீனாவைக் கூப்பிட்டேன். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி போனை மேசைமேல் வைத்திருந்தேன், அது என் தப்பு.

"மாமா, கம்ப்யூட்டர்ல உங்க பேர் என்னன்னு இருக்கு?"

"ஹார்வி ஐரிஸ்னு இருக்கு. ரெண்டு பேரும்தானே பாக்கறோம்."

"நடுவுல இடைவெளி இருக்கா?"

"இருக்கு."

"அதான் கோளாறு. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இந்த மென்பொருளுக்கு ஒத்துக்கலை. எழுதினவங்க அதை யோசிக்கவே இல்லை. அந்த இடைவெளியை எடுத்தாத்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும்."

ஐரிஸ் தட்டு கழுவப் போய்விட்டாள். கழுவுகிற சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. நான் கஷ்டப்பட்டு எங்கள் பெயர்களை ஒட்டிப் போட்டு, ஹார்விஐரிஸ் என்று புதிதாக ஒரு கணக்குத் திறந்தேன். திறந்தால் அதற்குள் எங்களுடையது என்று ஒரு துரும்பு கிடையாது. ஐரிசின் சமையல் குறிப்புகள் இல்லை, சங்கத்தின் கடிதங்கள் இல்லை, உன் அறுபதாவது பிறந்த நாள் படங்கள் இல்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?" என்று ஐரிஸ் கேட்ட குரலை நீ கேட்டிருக்க வேண்டும். அழியவில்லை, பழைய கணக்கில்தான் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே சாயங்காலம் ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை உட்கார்ந்தேன். கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போகிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள் என்றது. அணைக்கவில்லை. பதினொரு மணிக்குப் பதினொரு சதவீதம், பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு சதவீதம். நான் போய் இரண்டு வரிசை சிப்பித் தட்டுகளைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் பதினாலுதான். அது முழித்துக்கொண்டபோது உன் மகள் கப்பலேறிவிட்டாள். சரியென்று மென்பொருளை மறுபடி இறக்கினேன். இறங்கிய மறு நிமிடமே, நான் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருக்கிற வைரஸ் காவல்காரன் ஓடி வந்து, சந்தேகத்துக்கு இடமான ஆள் என்று அதைப் பிடித்து உள்ளே அடைத்துவிட்டான். விடுதலை செய் என்றால் காரணம் கேட்கிறான். என் அக்கா மகள் அனுப்பியது என்று எழுதுவதற்கு அதில் இடமே கொடுக்கவில்லை, அக்கா.

புதன்கிழமை, "பெர்னடெட் வீட்டுல மேக் இருக்கே, அதுல போட்டுப் பாருங்க" என்று ஐரிஸ் சொன்னாள். பெர்னடெட் கௌச்சை நீ பார்த்திருக்கிறாய். மெல்பர்னிலிருந்து வந்து எங்கள் கரையில் வீடு வாங்கிப் பானை செய்கிறாளே, அந்த அம்மாள்தான். அவள் கணினி வழவழவென்று, தொட்டால் அழுக்காகிவிடுமோ என்கிற மாதிரி இருக்கிறது. மென்பொருளைத் திறந்தோம். "இதைச் செய்தவர் யாரென்று உறுதிப்படுத்த முடியவில்லை. திறக்க இயலாது" என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டது. பெர்னடெட்டுக்கு வந்ததே கோபம்.

"யாருன்னு தெரியாதாமா? ரோவீனா இந்த மேசையில உக்காந்து ரெண்டு கப் டீ குடிச்சிருக்கா!"

"கம்ப்யூட்டருக்கு அது தெரியாதும்மா."

"அப்பவும் இது இங்கதான் இருந்துது, ஹார்வி. இதே இடத்துல."

ஒருவழியாக அமைப்புகளுக்குள் போய், இவர்கள் நமக்கு வேண்டியவர்கள்தான் என்று சத்தியம் செய்து கொடுத்தோம். கடவுச்சொல் கேட்டது. அது சூளைக்குப் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தது, பாதி கருகிப் போயிருந்தது. அதையும் ஊகித்துப் போட்டோம். உடனே, இந்த மென்பொருள் பழைய மாதிரி சில்லுக்கு எழுதியது, என்னுடையது புதிய மாதிரி, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றது. மொழிபெயர்ப்பாளர் வந்தார். அவர் வந்து, இங்கே வேலை செய்வதென்றால் ஒரு பெரிய கருவிப்பெட்டி இறக்கியாக வேண்டும், அதை வைக்க இடம் இல்லை, எதையாவது அழியுங்கள் என்றார். போய்ப் பார்த்தால் பெர்னடெட் தன் பூனையைப் பத்தொன்பதாயிரம் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

"பாதியை அழிச்சா போதும்" என்றேன்.

"எந்தப் பாதியை? நீயே சொல்லு" என்று முதல் படத்தைத் திறந்தாள்.

பூனை ஜன்னலில் தூங்குகிறது. அது குடிவந்த முதல் நாள், அழிக்க முடியாது. இரண்டாவதிலும் ஜன்னலில் தூங்குகிறது. அது வேறு ஜன்னல். மூன்றாவதில் பூனையே இல்லை. அதையாவது அழி என்றால், "அன்னிக்குத்தான் அது காணாமப் போச்சு, தேடறதுக்கு எடுத்த படம்" என்று கண் கலங்குகிறாள். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்து, ஐந்து மணி வரை உட்கார்ந்து, மொத்தம் நான்கு படம் அழித்தோம். அதில் ஒன்றை அவள் நான் கிளம்பும்போது குப்பைத் தொட்டியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. அதைச் சொல்ல ஐரிசுக்கே வாய் வரவில்லை. "ஆர்ச்சிகிட்ட லினக்ஸ் கம்ப்யூட்டர் இருக்கு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆர்ச்சி மெக்கில்ரேயோடு நான் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும், ஆனால் ஏன் என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. என் சிப்பித் தட்டுகள் எல்லை தாண்டி நிற்கின்றன, அவன் படகு போக வழியில்லை என்று சங்கக் கூட்டத்தில் அவன் சொன்னான். நான் இல்லை என்றேன். மறுநாள் தண்ணீர் வடிந்த நேரத்தில், சங்கத்து ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நீள நாடாவைப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்று அளந்தான். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் தாண்டியிருந்தது. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் ஒரு மாதத்தில் மன்னித்திருப்பேன். சரியாக இருந்தது, அக்கா. அதை எப்படி மன்னிப்பது?

வியாழக்கிழமை காலை ஐரிஸ் லாமிங்டன் கேக் ஒரு டப்பா நிறையப் போட்டு என் கையில் திணித்து, "பேச வேண்டாம். டப்பாவை நீட்டுங்க, போதும்" என்று தள்ளிவிட்டாள். ஆர்ச்சி படகுக் கொட்டகையில் இருந்தான். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவன் இல்லையா, பழைய இரும்பையெல்லாம் சேர்த்துத் தானே ஒரு கணினி கட்டி, கெட்டுப்போன ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறான். மூடி கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. நான் டப்பாவை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான்.

"சுவர் விஷயமா?" என்றான்.

"ஆமா."

"என் படகுக்கும் அந்தச் சேறு ஆகாது. உக்காரு."

பதினொரு வருடத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு இவ்வளவுதான். ரோவீனா அனுப்பியதையெல்லாம் ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன், வாங்கிச் சொருகினான். அப்புறம் ஆரம்பித்தது பார். மென்பொருளைக் கூப்பிட்டால், எனக்கு முன்னால் இன்னொருத்தர் வர வேண்டும் என்கிறது. அந்த இன்னொருத்தரைக் கொண்டுவந்தால், என் மைத்துனன் வந்தால்தான் நான் உள்ளே வருவேன் என்கிறார். மைத்துனன் வந்துவிட்டான், ஆனால் அவன் புது மைத்துனனாம், எனக்குப் பழையவன்தான் வேண்டும் என்று முதல் ஆள் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கிற மாதிரியேதான். நானாக இருந்தால் கணினியைக் கடலில் போட்டிருப்பேன். ஆர்ச்சி ஒரு லாமிங்டனைக் கடித்துக்கொண்டு, "இவங்களைக் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. மூல நிரலை எடுத்து நாமளே கட்டிக்குவோம்" என்று எதையோ தட்டினான். திரையில் எழுத்தெழுத்தாக ஓட ஆரம்பித்தது. நாற்பத்தோரு நிமிடம் நிற்காமல் ஓடியது. நடுநடுவே எச்சரிக்கை, எச்சரிக்கை என்று மஞ்சளாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் நான் நிறுத்து நிறுத்து என்கிறேன்.

"எச்சரிக்கைன்னா ஒண்ணும் பண்ணாது, ஹார்வி. பிழைன்னு வந்தாத்தான் நிக்கணும்" என்றான்.

சும்மா எவ்வளவு நேரம் இரண்டு பேர் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியும்? இருபதாவது நிமிடத்தில் நானே சொன்னேன்: "அன்னிக்கு நீ அளந்தது சரிதான்."

"தெரியும்" என்றான். "ஆனா அத்தனை பேர் முன்னால அளந்திருக்கக் கூடாது. தனியா கூப்பிட்டு உன்கிட்ட சொல்லியிருக்கலாம். அன்னிக்கு ராத்திரியே என் வீட்டுக்காரி சொன்னா. எனக்குத்தான் வந்து சொல்லத் தெரியலை."

நான் கேக் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன். அவ்வளவுதான், சரியாகிவிட்டது. இதற்கா பதினொரு வருடம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான்கு மணிக்கு மென்பொருள் எழுந்தது. ஆர்ச்சி ஓட்டினான். நான்கே நிமிடத்தில் படம் வந்துவிட்டது! நீலத்தில் தண்ணீர், பழுப்பில் சேறு, வாயில் கறுப்பாகச் சுவர். நாற்பது வருடம் இந்தத் தண்ணீரில் கிடந்தவனுக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. "அதோ என் தட்டுக!" என்றேன். "இதோ என் படகுத்துறை!" என்றான் ஆர்ச்சி. நடுவில் தீவு மாதிரி ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, தண்ணீர் வடிந்தால் தெரிகிற மணல்திட்டு என்று ஆர்ச்சி உடனே அடையாளம் சொல்லிவிட்டான். ஆனால் அக்கா, பழுப்பெல்லாம் எதிர்ப்பக்கம் போகிறது! சிப்பிகளுக்கு ஒரு துளி சேறு கிடையாது. நான்கு நாள் பாடுபட்டு, நகரசபை சொன்னதுதான் சரி என்று நாங்களே நிரூபித்துவிட்டோம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஆர்ச்சி விரலை நீட்டி, "இங்க பாரு. இந்தத் தண்ணி எங்க ஏறுது?" என்றான். சுவரில் மோதித் திரும்பிய நீலம், கரையில் ஒரு சதுரத்துக்குள் புகுந்து நிரம்பி நின்றது. கரையோரம் சதுரமாக எங்கள் ஊரில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், கனத்த பந்தைப் புல்லில் உருட்டி ஆடுகிற பந்துருட்டு மன்றத்தின் புல்தரை.

மன்றத் தலைவி பெரில் ஸ்டோக்சுக்கு ஆள் அனுப்பினோம். சுவர் வர வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாகக் கத்திக்கொண்டிருந்தவள் அவள்தான், அவள் வீட்டில் உல்லாசப் படகு இருக்கிறது. ஆட்டத்தின் நடுவிலிருந்து வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு வந்து கொட்டகை வாசலில் நின்றாள். படத்தைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"உங்க புல்தரைதான், பெரில். சுவர் வந்தா பெருவெள்ளத்துல இடுப்பளவு தண்ணி" என்றேன்.

"அது என் நாலாவது தடம்!" என்று திரையைத் தொட்டுக் காட்டினாள். "அங்கதான் லேசா ஒரு சரிவு இருக்கு, அங்கதான் தண்ணி நிக்கும், நான் எத்தனை வருஷமா சொல்றேன்!"

அப்புறம் நாங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரே மாலையில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஊரில் இருப்பது முந்நூறு பேர். வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்கு நானும் ஆர்ச்சியும் பெரிலும் ஒரே காரில் போய் ஆட்சேபத்தைக் கொடுத்தோம். அதிகாரி படத்தை இரண்டு முறை பார்த்தார். திட்டத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்து, புதிதாக ஆய்வு செய்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்தார். பெரில் என்னைக் கட்டிப் பிடித்தாள். ஆர்ச்சி என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை, ஆனால் வரும் வழியில் நாளைக்குத் தட்டு புரட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டான்.

ஆகையால் அக்கா, உன் மகள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அறிவியல் என்பது பெரிய விஷயம்தான், சந்தேகமில்லை. ரோவீனா பனியிலிருந்து பத்திரமாகத் திரும்பி வரட்டும். அத்தானின் முழங்கால் படியேறட்டும். உன் தோட்டத்து ரோஜாவுக்கு இந்த வெயில் ஒன்றும் செய்யாமலிருக்கட்டும். ஐரிஸ் உன்னை அணைத்துக்கொண்டதாக எழுதச் சொல்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்போது இடைவெளி இல்லை என்றும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள்.

என்றும் உன் பாசமுள்ள தம்பி,
ஹார்வி டிரெலோர்
(செயலாளர், பி.க.சி.வ. சங்கம்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கப்பலின் செயற்கைக்கோள் போனிலிருந்து ரோவீனா கூப்பிட்டாள். வெற்றிக் கதையைச் சொன்னேன். "எவ்வளவு நேரம் ஓடுச்சு, மாமா?" என்றாள். நாலு நிமிஷம் என்றேன். "நம்ம கழிமுகத்துக்கு ஆறு மணி நேரமாவது ஆகுமே. படத்துல நடுவுல ஒரு தீவு இருந்துதா?" இருந்தது, மணல்திட்டு என்றேன். "மாமா, அது மென்பொருளோடவே வர்ற பயிற்சிப் படம், சுவரும் அதுலயே உண்டு. நான் அனுப்பின வரைபடக் கோப்பை நீங்க வேற இடத்துல வச்சிருக்கீங்க, அதான் கையில இருந்ததை எடுத்து ஓட்டிருக்கு. அப்படி ஒரு ஊரே உலகத்துல கிடையாது."

இல்லாத ஊருக்கு நான் சிப்பித் தட்டு காட்டியிருக்கிறேன், அக்கா. பெரில் அதில் சரிவு காட்டியிருக்கிறாள்.

ஓடிப்போய் ஆர்ச்சியும் நானும் சரியான கோப்பைச் சரியான இடத்தில் வைத்து ஓட்டினோம். கோப்பை இடம் மாற்றி வைத்தது யார் என்று ஆறு மணி நேரமும் சண்டை போட்டோம். இப்போதுதான் முடிந்தது. சேறு முழுக்க என் தட்டுகள் மேல்தான், ஒரு அடி உயரத்துக்கு. பயந்தது அப்படியே சரி. புல்தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. நாளைக் காலை நகரசபைக்குப் போய், ஆட்சேபம் சரி, காரணம் மட்டும் தலைகீழ் என்று நானும் ஆர்ச்சியும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் பெரிலிடம் சொல்ல வேண்டும். அவள் நேற்றே மன்றத்தைச் சுற்றி நானூறு மணல் மூட்டை அடுக்கிவிட்டாள், இன்றைக்குப் போட்டியையும் ரத்து செய்துவிட்டாள். ஆர்ச்சி போனில் பாதியைச் சொல்லிவிட்டானாம். மீதியைக் கேட்க அவளே வெள்ளைத் தொப்பியோடு கேட்டைத் திறந்து வருகிறாள். கையில் பந்து இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. நிறுத்திக்கொள்கிறேன்.